கணக்கில் வராத நாலு மெழுகுதிரிகள்

கால் உடைந்த நண்டு என்றால் அது பெரியம்மாவுக்கு என்று மன்னார் பள்ளிமுனைக் கரையில் எல்லோருக்கும் தெரியும். வள்ளங்கள் கரைக்கு வந்ததும் பெண்கள் மணலில் வரிசையாக இருந்து வலையிலிருந்து நண்டு கழட்டுவார்கள். கொம்பனிக்கு வாங்குகிறவர் தராசோடு வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். ஒரு கால் குறைந்தாலும் முதுகுக்குப் பின்னால் எறிந்துவிடுவார். அது வந்து விழுகிற இடத்தில் பெரியம்மாவின் வாளி இருக்கும்.

"மச்சாள், உந்த நொண்டியளைக் கொண்டுபோய் என்ன, ஆஸ்பத்திரியோ வைக்கப்போறியள்?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

"கறிச்சட்டிக்குள்ளை போனாப் பிறகு ஆர் கால் எண்ணுறது?" என்பார் பெரியம்மா.

அவர் என் அம்மாவின் தமக்கை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகுவேலிதான். பிள்ளைகள் இல்லை. போன மாரியில் இறந்துபோனார். அவரைப் பற்றி எழுத இருக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது, "வேண்டாம்" என்ற சொல் அவர் வாயில் வந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதுதான். கோயிலில் வெளிநாட்டு உடுப்புகள் பங்கிடும்போது கடைசியில் மிஞ்சுகிற, யாருக்கும் அளவில்லாத சட்டைகள் அவரிடம் வந்துசேரும். அவற்றை வெட்டித் தலையணை உறை தைப்பார். லொறி அடித்துப் பின்கால் இழுபட்ட கழுதை ஒன்று ஒருநாள் வேலிக்குள் புகுந்து படுத்துக்கொண்டது. பெரியப்பா தடி எடுத்தார்.

"அது இனி எங்கை போறது? நிக்கட்டுமேன்" என்றார் பெரியம்மா.

அது ஏழு வருடம் நின்றது. "இந்த வீட்டிலை எனக்கும் உந்தக் கழுதைக்கும் ஒரே மரியாதை" என்று பெரியப்பா கரையெல்லாம் சொல்லித் திரிந்தார். "அதுக்குக் கொஞ்சம் கூட" என்று பெரியம்மா திருத்துவார்.

பொருள்களைப் போலத்தான் சொற்களையும் வாங்கிக்கொண்டார். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அடுத்த ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நான விருந்து. பெரியம்மா குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தார். உடனே குழந்தையின் மாமி வந்து, "இஞ்சை தாங்கோ, பிள்ளைக்குப் பசி" என்று பறித்துக்கொண்டு போனாள். அப்போதுதான் அதற்குப் பால் கொடுத்து முடிந்திருந்தது. பிள்ளை பெறாத கை படக்கூடாது என்பதுதான் விஷயம். அங்கிருந்த எல்லோருக்கும் அது விளங்கியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கொதித்துக்கொண்டு வந்தேன்.

"ஏன் பெரியம்மா ஒண்டும் சொல்லாமல் இருந்தனீங்கள்?"

"பிள்ளைக்குப் பசியாயும் இருக்கலாந்தானே."

பெரியம்மாவுக்கு முன்னால் கர்ப்பம், பிள்ளைப்பேறு என்ற கதையை இனி எடுப்பதில்லை என்று அன்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அது அன்பினால் போட்ட சட்டம். அந்தச் சட்டந்தான் பின்னால் அவரைக் கொன்றது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உயர்தரத்தில் உயிரியல் படித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அரசாங்கக் கந்தோர்க் கடிதமோ மருந்துச் சிட்டையோ, எது வந்தாலும் ஒழுங்கையில் பாதிப்பேர் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. எனக்குப் பெயர் வைத்ததே பெரியம்மாதான். அவரும் பெரியப்பாவும் சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குப் போய், அங்கே அகதி முகாமில் பல வருடம் இருந்தவர்கள். நான் பிறந்து நாற்பதாம் நாள் திரும்பி வந்தார்கள். அம்மா அவரையே எனக்கு ஞானத்தாயாக நிறுத்தினார். பெயர் என்ன என்று ஞானஸ்நானம் கொடுத்த சுவாமி கேட்டபோது அப்பாவும் அம்மாவும் இன்னும் இழுபறியில் இருந்தார்களாம். பெரியம்மா உடனே என் பெயரைச் சொன்னாராம். எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லாத பெயர். "வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு வந்தவ மாதிரிச் சொன்னா" என்று அம்மா இன்றும் சொல்வார்.

மரித்தோர் திருநாளில் சேமக்காலைக்குப் போவோம். எங்கள் குடும்பத்தில் இறந்தவர்கள் ஐந்து பேர், ஐந்து கல்லறைகள். எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம் பெரியம்மா மெழுகுதிரி கொளுத்துவதை எண்ணினேன். ஒன்பது. ஐந்து கல்லறைகளுக்கு ஐந்து. மிச்சம் நாலையும் மதில் ஓரம் மணலில் வரிசையாக ஊன்றியிருந்தார்.

"கணக்குப் பிழை, பெரியம்மா. எங்கடை ஆக்கள் அஞ்சு பேர்தான்."

"ஓம் பிள்ளை. எனக்கு எங்கை படிப்பு" என்றார்.

வீணாகப் போகக்கூடாது என்று அந்த நாலையும் நான் ஊதி அணைத்தேன். மெழுகு காய்ந்ததும் அவருடைய பைக்குள் போட்டுக் கொடுத்தேன். அவர் தடுக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டார். அடுத்த வருடமும் ஒன்பதுதான் கொளுத்தினார். சில பேருக்குக் கணக்கு ஏறாது என்று நான் விட்டுவிட்டேன்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தபோது பெரியம்மாவின் கால்கள் வீங்கின. பிறகு முகம். கனகாலம் பார்க்காமல் விட்ட பிரஷர் இரண்டு சிறுநீரகங்களையும் தின்று முடித்துவிட்டது என்றார்கள். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் மெசினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை கோப்பைதான் தண்ணீர் என்று அளவு. ஊர் முழுவதும் கொடுத்ததை வாங்கியவருக்கு நாங்கள் தண்ணீரை மறுத்துக்கொண்டிருந்தோம். வெயில் நேரத்தில் ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு இருப்பார். மெசினில் கிடந்துவிட்டு வரும் நாளில் வாசற்படி ஏறவே அவரால் முடியாது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் அதிக காலம் போகாது என்று அங்குள்ள டொக்டர் என்னிடம் மட்டும் சொன்னார், நான் படித்தவள் என்று.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவோடு சிறுநீரகம் கொடுக்க முடியாது. "நான் தாறன்" என்று ஒருதரம் சொன்னேன். "கலியாணம் கட்டாத பிள்ளை. வயித்திலை வெட்டோடை உன்னை ஆர் எடுப்பான்?" என்று அம்மா கத்தினார். இரண்டாந்தரம் நான் சொல்லவில்லை.

பெரியப்பாதான் முடிவெடுத்தார். "என்னட்டை ரெண்டு கிடக்குத்தானே. வள்ளத்துக்கு ரெண்டு மெசின் பூட்டி ஆர் ஓடுறான்?"

"பீடி நாத்தமடிக்கிற மெசின்" என்றார் பெரியம்மா. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தெற்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைகள் நடந்தன. இரத்த வகை ஒத்துவந்தது. இழையம், அதாவது திசு, பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். நான் அவர்களுக்கு விளக்கினேன்: கிழிந்த வலைக்கு ஒட்டுப்போடும்போது கண்ணின் அளவு ஒத்துவர வேண்டும் அல்லவா, அதைப் போலத்தான். "அப்ப என்ரை கண்ணும் உவளின்ரை கண்ணும் ஒண்டோ?" என்று பெரியப்பா கேட்டார். பார்த்த ஆறு அடையாளங்களில் இரண்டு பொருந்தின. இந்தக் காலத்து மருந்துகளோடு அது போதும் என்றார் டொக்டர். அதைவிட முக்கியமானது பெரியம்மாவின் இரத்தத்தில் பெரியப்பாவின் இழையத்துக்கு எதிராகப் பிறபொருளெதிரிகள் ஏற்கனவே இருக்கின்றனவா என்பது. உடலுக்கு அந்நியமான ஒன்று வந்தால் அதை அடையாளம் கண்டு தாக்குவதற்கு இரத்தம் தானே செய்துகொள்கிற ஆயுதம் அது. உயர்தரத்தில் அந்தக் கேள்விக்கு நான் முழுப்புள்ளி எடுத்திருந்தேன்.

படிவம் நிரப்பிய நாள் எனக்கு ஒவ்வொரு நிமிடமும் நினைவிருக்கிறது. கொடுப்பவரைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று பெரியப்பாவை வேறு அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் அன்று நன்றாக வந்தது. எங்கே படிக்கிறாய் என்றுகூட அவர் கேட்டார். முன்பு இரத்தம் ஏற்றியதுண்டா? இல்லை. அடுத்து, எத்தனை தடவை கருவுற்றார் என்று கேட்டார்.

கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. கருவுறுவதற்கும் பிள்ளை பெறுவதற்கும் உள்ள வித்தியாசமும் தெரியும். ஆனால் அந்த மேசைக்கு முன்னால், அந்நிய ஆண் ஒருவருக்கு முன்னால், பிள்ளை இல்லாத என் பெரியம்மாவிடம் அதை எப்படிக் கேட்பது? மடியிலிருந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு போனவள் ஞாபகத்துக்கு வந்தாள். நான் திரும்பி மெதுவாக, "உங்களுக்குப் பிள்ளையள் இல்லைத்தானே, பெரியம்மா?" என்றேன்.

"இல்லை" என்றார்.

இல்லை என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் அந்தக் கட்டத்துக்குள் ஒரு பூச்சியம் போட்டார்.

இருவரின் இரத்தத்தையும் கலந்து பார்த்தபோது எதிர்ப்பு ஒன்றும் தெரியவில்லை. நாள் குறித்தார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்த அன்றே பெரியம்மாவின் பையில் சிறுநீர் இறங்கியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு! நானும் தாதியும் சேர்ந்து சிரித்தோம். பெரியப்பா அடுத்த நோயாளர் விடுதியில் விலாவைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். நான் போனதும், "ஓடுதோ?" என்று கேட்டார்.

"ஓடுது பெரியப்பா. நல்லா ஓடுது."

"பாத்தியோ? மெசின் ஒரு இழுவையிலை ஸ்ராட்."

ஐந்து நாள் ஓடியது. பெரியம்மா ஒரு முழுப் போத்தல் தண்ணீரை மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஆறாம் நாள் பையில் அளவு குறைந்தது. ஏழாம் நாள் பாதி. எட்டாம் நாள் அடியில் கொஞ்சம், தேயிலைச் சாயம்போல. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஆட்டிப் பார்ப்பேன். மாதாவே, மடு மாதாவே, இன்னும் ஒரு கோப்பை என்று கேட்பேன்.

"ஓடுதோ?"

"ஓடுது பெரியப்பா."

ஒன்பதாம் நாள் புதிய சிறுநீரகத்தில் ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். பிறபொருளெதிரிகள் சிறுநீரகத்தின் குருதிக் குழாய்களைத் தாக்குகின்றன என்றார். இவ்வளவு வேகமாக வருவதென்றால் அது புதிய பகை அல்ல. ஒருதரம் கண்டதை மறக்காத நினைவுக் கலங்கள் என்ற அணுக்கள் உடலில் இருக்கின்றன. ஆயுதங்கள் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்திருக்கலாம். அதே ஆளைத் திரும்பக் கண்டால் சில நாட்களில் பெருக்கிவிடும். "இவருடைய இரத்தம் கணவரின் இழையத்தை முன்பே சந்தித்திருக்கிறது. ஒருபோதும் கருவுறவில்லை என்பது நிச்சயமா?"

கருவில் இருக்கும் பிள்ளை பாதி தகப்பன். அது எனக்குத் தெரியாததா? என் வாய் இல்லை என்று சொல்லத் திறந்தது. பிறகு, கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பெரியம்மா முகம் ஊதிப்போய்க் கிடந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, உங்களுக்கு எப்பவாவது வயித்திலை தங்கினதோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். அவ்வளவு இலகுவாக.

"எத்தினை தரம்?"

"நாலு. மூண்டு இந்தியாவிலை, காம்ப்பிலை. ஒண்டு இஞ்சை வந்த பிறகு. நாலும் அஞ்சு மாசம், ஆறு மாசம் நிண்டிட்டுப் போட்டுது."

சேமக்காலை மதில் ஓரத்து மணலும், நான் ஊதி அணைத்த நாலு மெழுகுதிரிகளின் மணமும் அந்த விடுதிக்குள் வந்தன.

"ஏன் அண்டைக்கு டொக்டருக்குச் சொல்லேல்லை?"

"நீ பிள்ளையள் இல்லைத்தானே எண்டு கேட்டனி, குஞ்சு. இல்லைத்தானே."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வாழ்நாளில் எதையும் மறுக்காதவர், ஒரு கேள்வியையா மறுத்திருப்பார்?

"பெரியப்பாவுக்குத் தெரியுமோ?"

"அவருக்கு முதல் ரெண்டுந்தான் தெரியும். ரெண்டுக்கும் வேலைக்குப் போகாமல், சாப்பிடாமல் கிடந்தது அந்த மனுசன். மற்றது ரெண்டும் அவர் வேலையெண்டு மாசக்கணக்கிலை வெளியிலை போயிருக்கேக்கை. வயிறும் பெரிசாத் தெரியேல்லை. ஏன் சொல்லுவான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டிட்டன்."

டொக்டரிடம் நாலு என்றேன். முன்பு ஏன் பூச்சியம் என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "தெரிந்திருந்தால் இன்னும் நுணுக்கமான சோதனைக்கு அனுப்பியிருப்பேன். வேறு ஆளைத் தேடியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருக்கலாம்.

பிறகு பெரியம்மாவின் இரத்தத்தை வெளியே எடுத்து, பிறபொருளெதிரிகள் இருந்த நீரைப் பிரித்து எறிந்து, வேறு நீர் கலந்து திரும்ப ஏற்றினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள். "வலை அலசுற மாதிரி அலசுறாங்கள்" என்று பெரியம்மா நடுங்கிக்கொண்டே சிரித்தார். எவ்வளவு அலசியும் அவை திரும்பத் திரும்ப ஊறின. மூன்றாம் கிழமை பெரியப்பாவின் சிறுநீரகத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"அதை என்ன செய்தவை?" என்று மயக்கம் தெளிந்ததும் கேட்டார்.

"எறிஞ்சிருப்பினம், பெரியம்மா."

வயிற்றுக் கட்டைத் தடவினார். "நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை, பிள்ளை. என்ரை ரத்தந்தான் சொல்லிப்போட்டுது" என்றார்.

மன்னாருக்குத் திரும்பிய பிறகு பெரியப்பா பீடியை விட்டுவிட்டார். கரையில் யாராவது விசாரித்தால், "என்ரை மெசின் பழசெல்லோ, பிழைச்சுப் போச்சு" என்பார். பகிடிபோலத் தொடங்குவார், முடித்ததும் வலைப்பக்கம் திரும்பிவிடுவார். ஒருநாள் வலைகளுக்கு நடுவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "படிச்ச பிள்ளை, உண்மையைச் சொல்லு. பீடிதானே? நான் குடுத்தது பழுதுதானே?" என்று கேட்டார். இல்லை என்றேன், அவர் நம்பவில்லை. காரணத்தைச் சொன்னால் மற்ற இரண்டையும் சொல்ல வேண்டும். அது பெரியம்மா சொல்ல வேண்டியது. அதோடு, என் பூச்சியத்தையும் சொல்ல வேண்டும். இப்படி எட்டு மாதம் போனது. ஒருவர் தன் சிறுநீரகம் பழுது என்று அழுதார். மற்றவர் அவர் அழுவது தெரியாமல் மெசினில் மெலிந்துகொண்டு போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியைப் பிடித்துக்கொண்டு எல்லாம் தெரிந்த நான் நின்றேன்.

இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் பதியலாம் என்று மன்னார் ஆஸ்பத்திரித் தாதி ஒரு படிவம் தந்தார். இந்த இரத்தத்துக்கு ஒத்துவருகிற ஒன்று கிடைப்பது அரிது என்று அவரும் சொன்னார், எனக்கும் தெரியும். பெரியம்மா மெசினில் படுத்திருந்தார். இரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருந்தது. பெரியப்பா காலடியில் ஒரு கதிரையில் இருந்தார். நான் முழங்காலில் பலகையை வைத்து நிரப்பினேன். பெயர், வயது, விலாசம். பிறகு அந்தக் கட்டம் வந்தது. கேட்காமலே எழுதியிருக்கலாம், பதில் எனக்குத் தெரியும்.

"பெரியம்மா" என்றேன், அறையில் எல்லோருக்கும் கேட்கிற குரலில். "எத்தினை தரம் வயித்திலை தங்கினது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார்.

"நாலு."

"ரெண்டெல்லோ?" என்றார் பெரியப்பா.

"நாலு. நீங்கள் இல்லாத நேரம் ரெண்டு."

"முதல் படிவத்திலை நான் கேக்காமல் ஒண்டுமில்லை எண்டு எழுதுவிச்சுப்போட்டன், பெரியப்பா" என்றேன். "அதாலைதான். பெரியம்மாவின்ரை ரத்தத்துக்கு உங்களை முன்னமே தெரியும். அதுதான் எதிர்த்தது."

அவர் குழாயில் ஓடுகிற இரத்தத்தைப் பார்த்தார்.

"அப்ப என்ரை கிட்னி பழுதில்லையோ?"

"பழுதில்லை."

"இஞ்சேருங்கோ, உதையோ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?" என்றார் பெரியம்மா. பெரியப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஊசி குத்தாத கையை நீட்டிப் பெரியம்மா அவர் முழங்காலில் வைத்தார். நான் கட்டத்துக்குள் 4 என்று எழுதினேன்.

"பிள்ளை" என்றார் பெரியம்மா. "உதிலை அதுகளின்ரை பேர் எழுத இடமிருக்கோ?"

"பேர் வைச்சனீங்களோ?"

"வைக்காமல்?"

அந்தப் படிவத்தில் அப்படி ஒரு இடம் இல்லை. "இருக்கு, சொல்லுங்கோ" என்று சொல்லி, தாளின் ஓரத்தில் பேனையை வைத்தேன். முதலாவது பெரியப்பாவின் தகப்பனுடைய பெயர். எழுதினேன். இரண்டாவது ஒரு பெண் பெயர். எழுதினேன். மூன்றாவதாக அவர் சொன்னது என் பெயர்.

அதையும் எழுதினேன். நாலாவது பெயருக்காகக் காத்திருந்தேன்.